எண்பது போதுமுங்க

போன தை மாதம், குன்னூரில் எங்கள் வீட்டு முற்றத்தில் ஆரம்பித்து, பர்லியாருக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் எனக்குப் புத்தி வந்த கதை இது. நான் பள்ளிக்கூடம் போகாதவன். எண் தெரியும், எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

முப்பத்தாறு வருஷம் இந்த மலையில் லாரி ஓட்டினேன். ஃபேக்டரியில் தேயிலை ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் இறங்குவேன். திரும்பும்போது அரிசி, சிமெண்ட், ஒரு தடவை கல்யாணச் சமையல் அண்டாக்கள். அதில் ஒரு அண்டாவுக்குள் சமையல்காரரே தூங்கிக்கொண்டு வந்தார். அவரை எழுப்பியது யார் என்றால்... "மாமா, அண்டாவ விடுங்க, காருக்கு வாங்க" என்கிறாள் மருமகள். வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஒரு கார் ரோட்டோரம் நின்றது. பின்னால் கொக்கி போட்டு ஒரு குட்டி வீடு. இரண்டு சக்கரம், ஒரு கதவு, ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை. ஓட்டி வந்தவர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், பொள்ளாச்சிப் பக்கம் டீச்சர். பக்கத்தில் அவர் புருஷன். ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டதாம். லாட்ஜ் பாத்ரூம் எதிலும் அவருடைய சக்கர நாற்காலி நுழையவில்லை. அதனால் படுக்கை, பாத்ரூம், அடுப்பு எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டே ஊட்டி, அவலாஞ்சி என்று சுற்றிக் காட்டிவிட்டு ஊருக்குத் திரும்புகிறார்கள். டவுனில் சார்ஜ் போடுகிற இடத்துக்குள் இந்த நீள வண்டி போகவில்லை. முற்றத்தில் நிறுத்திக்கொள்ளலாமா, ஒரு பிளக் கிடைக்குமா என்று கேட்டார். என் லாரி நின்ற முற்றம், சும்மாதானே கிடக்கிறது.

"டீசல் வண்டி இல்லீங்களா அம்மிணி?"

"கரண்ட்டுங்க ஐயா."

"கியரு?"

"அதும் இல்லீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பதுதான் மலை டிரைவருக்கு முதல் பாடம். "அப்ப எறக்கத்துல வண்டிய எது புடிச்சு நிறுத்தும்? நீங்க பாடம் நடத்துற சத்தமா?"

புருஷன் முந்திக்கொண்டார். "அந்தச் சத்தத்துக்கு மேட்டுப்பாளையம் ரயிலே நின்னுருமுங்க."

அந்தச் சிரிப்பில் என் கேள்விக்குப் பதில் வாங்க மறந்துவிட்டேன். அந்தப் பெண் பிளக்கை மாட்டிவிட்டு, விடியற்காலையில் எழுந்து தானே சார்ஜை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். நான் விடவில்லை. நாலரைக்கே எழுகிறவன் நான், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"அப்ப எண்பது வந்ததும் நிறுத்திப்போடுங்க ஐயா. எண்பது போதுமுங்க. முழுசா வேண்டாம்."

போதும் என்று சொன்னால் நிறுத்துகிற குடும்பமா எங்களுடையது? விருந்தாளி இலைக்கு மேல் கையை வைத்து மறைத்தாலும் விரலிடுக்கில் ரசம் ஊற்றுகிறவர்கள். காலையில் கார் திரையில் சார்ஜ் எண் எண்பதைத் தொட்டதைப் பார்த்தேன். பாவம், கூச்சப்பட்டுக்கொண்டு சொல்லியிருக்கிறது பிள்ளை என்று நினைத்து அப்படியே விட்டேன். கிளம்பும்போதுதான் பிடுங்கினேன். நூறு! மனசு நிறைந்துவிட்டது.

மேட்டுப்பாளையத்தில் என் தங்கச்சி வீட்டில் அன்று விசேஷம். கூடவே வாருங்கள் என்று டீச்சர் என்னையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார். புருஷனைத் தூக்கி உட்காரவைத்து, நாற்காலியை மடக்கி, கொக்கியைச் சரிபார்த்து, இந்த வேலைகளில் அவர் எண்ணைக் கவனிக்கவில்லை.

முதல் சரிவிலேயே தெரிந்துவிட்டது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார், வண்டி பிடிக்கவில்லை. ஓடியது. திரையைப் பார்த்தார்.

"ஏனுங்க ஐயா, எப்பங்க நிறுத்துனீங்க?"

"இப்பத்தான் அம்மிணி புடுங்குனேன். நூறு!" பெருமையாகத்தான் சொன்னேன்.

"சரீங்க" என்றார். அவ்வளவுதான். பிறகு புருஷனிடம் மெதுவாக, "இன்னைக்கு மோட்டாரு புடிக்காது. பிரேக்குலயே எறங்கோணும்" என்றார். திரும்பிப் போகலாம் என்றால் அந்த ரோட்டில் வால் வைத்த வண்டியைத் திருப்ப இடம் ஏது?

ஹீட்டரை முழுசாக வைத்தார். தைக் குளிரில் எங்களுக்கு வேர்த்து ஊற்றியது. பிரேக்கை ஒரேயடியாக மிதித்துக்கொண்டே இருக்காமல், அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டு, மறுபடி அழுத்தி இறங்கினார். நான் பழக்கிய கிளீனர்களில் பாதிப் பேருக்கு அது கடைசிவரை வரவில்லை. ஆனால் பின்னால் ஒரு வீடே தள்ளுகிறதே. நாலைந்து வளைவு தாண்டியதும் அந்த வாசனை வந்தது. பிரேக் கருகும் வாசனை.

ஒதுங்க அகலமான இடம் தேடிக்கொண்டே போகையில், அடுத்த கொண்டை ஊசியில் ரோட்டை முழுசாக அடைத்துக்கொண்டு ஒரு பஸ் ஏறி வந்தது. அவர் மிதித்தார். பெடல் ஆழமாக உள்ளே போனது, வண்டி நகர்ந்துகொண்டே இருந்தது. என் கை தானாகக் கதவின் கைப்பிடிக்குப் போய்விட்டது, குதிக்க. முன் சீட்டில் இருந்த புருஷனுக்கு அப்படி ஒரு வழி கிடையாது. அவர் பெண்சாதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் பெடலை விடாமல் கை பிரேக்கையும் சேர்த்து இழுத்து, ஸ்டீயரிங்கை மலைப்பக்கமாக ஒடித்தார். பஸ்ஸுக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றோம்.

பஸ் டிரைவர் தலையை நீட்டினார். "ஏம்மா, ஊட்டையே இழுத்துட்டு வந்திருக்கீங்களே, வாசலையும் திண்ணையையும் எங்க விட்டீங்க?"

"அது அடுத்த நடைங்க. கொஞ்சம் பின்னால எடுங்க அண்ணா, ஒதுங்கிக்கறேன்." குரலில் நடுக்கமே இல்லை.

பஸ் பின்னால் போய் வழி விட்டது. வளைவுக்குக் கீழே அகலமான இடத்தில் ஓரங்கட்டினோம். சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். அந்த ஒரு வேலைக்காவது நான் ஆனேன். பிறகு அந்தப் பெண் செய்ததைப் பார்த்து, பயத்தில் புத்தி பிசகிவிட்டதோ என்று நினைத்தேன். காரிலிருந்து வயர் இழுத்துக் கரண்ட் அடுப்பைப் பற்றவைத்துச் சமைக்க ஆரம்பித்துவிட்டார்! சாதம், பருப்பு, அப்புறம் டீ. ஹீட்டரும் ஓடிக்கொண்டே இருந்தது. புருஷன் திரையைப் பார்த்து ஏலம் விட்டார். "தொண்ணூத்தேழு! இன்னொரு டீ போடு கண்ணு. ஊர்ல எனக்கு ஒரு டீ போட ரெண்டு வாட்டி யோசிப்பியே!" ரோட்டில் வேலை செய்துகொண்டிருந்த நாலு பேருக்கும் டீ கிடைத்தது.

அப்போதுதான் கேட்டேன், ஏன் இது என்று.

"எறங்கறப்ப மோட்டாரு வண்டியப் புடிக்குமுங்க. அப்பக் கரண்ட்டு உண்டாகி பேட்டரிக்குள்ள போகும். ரொம்புன தண்ணித்தொட்டியில இன்னும் ஊத்துனா எங்கீங்க போகும்? எடம் இல்லீனா மோட்டாரு புடிக்கறத விட்ரும். அதான் இப்பக் கரண்ட்டச் செலவழிச்சு எடம் பண்றேனுங்க."

"அதுக்குத்தான் எண்பதா?"

"அதுக்குத்தானுங்க."

"என்னையத் திட்டியிருக்கலாமே அம்மிணி" என்றேன்.

"ஏன்னு சொல்லாம விட்டது என் தப்புங்க ஐயா. அதும் டீச்சரா இருந்துட்டு" என்று டம்ளரை என் கையில் கொடுத்தார்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றோம். பிரேக் ஆறியது, பெடல் பழையபடி கெட்டிப்பட்டது, எண் எண்பத்தேழுக்கு வந்தது. அதற்கப்புறம் அந்த வண்டி இறங்கிய அழகை எப்படிச் சொல்ல? காலை எடுத்தால் போதும், மாட்டுக்கு மூக்கணாங்கயிறு பிடித்த மாதிரி தானாக அடங்கியது. பிரேக்குக்கு வேலையே இல்லை. கல்லாறு வந்தபோது எண் தொண்ணூற்று நாலு. என் லாரி குடித்துக்கொண்டே இறங்கும். இது சம்பாதித்துக்கொண்டு இறங்கியது.

தங்கச்சி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது கடைசிப் பந்தி. பாயச வாளியை என் கையில் கொடுத்தார்கள். ஒரு பெரியவர் இலைமேல் கையை வைத்து "போதுங்க" என்றார். பாதியில் கரண்டி நின்றுவிட்டது. "என்னண்ணா, உடம்பு சரியில்லையா?" என்று தங்கச்சி பயந்துபோனாள்.

இன்றைக்கும் யாராவது போதும் என்றால் அந்த வளைவும், கதவுக்குப் போன என் கையும் ஞாபகம் வருகின்றன. பாசத்தில் ஊற்றுகிறவனுக்கு இலை மட்டும்தான் தெரியும், எவ்வளவு இடம் வேண்டும் என்பது அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத்தானே தெரியும்.