கடைசிப் பாத்தியில் மிதந்த பந்து

எங்கள் குடும்பத்தில் இன்றுவரை யாரும் கோல்ஃப் ஆடியதில்லை. அந்த ஆட்டத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்கூட ஒருவரும் இல்லை. இருந்தாலும் ஒரு கோல்ஃப் பந்து நல்லதா கெட்டதா என்று சோதித்துச் சொல்ல எனக்குப் பத்து வயதிலேயே தெரியும். கேட்பதற்குப் பெருமையான சங்கதி போலத்தான் இருக்கும். முழுவதும் சொல்லி முடித்தால் அந்தப் பெருமையில் ஒன்றும் மிஞ்சாது.

சுனாமி வந்து போனதற்கு அடுத்த கோடை அது. அப்பா மரக்காணம் உப்பளத்தில் பாத்தி வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய தம்பி, எங்கள் சித்தப்பா, அந்த வேலையே வேண்டாம் என்று பத்தாவது முடித்த கையோடு ஓடியவர். உப்பு வெளிச்சம் கண்ணைத் தின்றுவிடும், காலில் வெடிப்பு வந்தால் ஆயுசுக்கும் ஆறாது என்று சொல்லுவார். புதுச்சேரிப் பக்கம் ஒரு ரப்பர் கம்பெனியில் ஐந்து வருடமாகத் தினக்கூலியாக இருந்தார். வண்டிகளுக்கு ரப்பர் சாமான் செய்துகொண்டிருந்த அந்தக் கம்பெனிக்கு, வெளிநாட்டுக்கு கோல்ஃப் பந்து செய்து அனுப்பும் ஆசை அந்த வருடம் வந்துவிட்டது. பந்து அச்சு மெஷினில் சித்தப்பாவைப் போட்டார்கள்.

முதல் பந்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அம்மா அதை முறத்தில் உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்கு இதுக்கு இம்மாம் அம்மைத் தழும்பு?"

"தழும்பு இல்லண்ணி, குழி. இந்தக் குழிங்கதான் காத்தைப் பந்தோட ஒட்டி வெச்சிக்குது. மொழுக்குன்னு இருந்தா பாதி தூரம்கூட போவாது" என்றார் சித்தப்பா.

அறுத்த பந்து ஒன்றையும் காட்டினார். உள்ளே கெட்டியான ரப்பர் உருண்டை, அதன்மேல் முட்டை ஓட்டைவிடக் கொஞ்சம் தடித்த வெள்ளைப் பிளாஸ்டிக் தோல். அந்தக் காலத்தில் ரப்பர் நூலை இழுத்து இழுத்துச் சுற்றித்தான் பந்து செய்வார்களாம். இப்போது நூல் வேலை கிடையாது, மருந்து கலந்த ரப்பரைச் சூட்டில் வேகவைத்து ஒரே உருண்டையாக எடுத்துவிடுகிறார்கள். அதை அச்சுக்குள் வைத்துச் சுற்றிலும் உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்த வேண்டும். கம்பெனிக்கு வந்த தலைவலி அந்த இடத்தில்தான். உருண்டை நட்டநடுவில் நிற்காமல் ஒரு பக்கம் நகர்ந்துவிடுகிறது. வெளியே பார்த்தால் தெரியாது, அடித்தால் பந்து கோணலாகப் போகும்.

"பூரணம் ஓரமா ஒதுங்கின கொழுக்கட்டன்னு சொல்லு" என்றாள் அம்மா. சித்தப்பா சிரித்துவிட்டார். அதைவிடச் சரியாகக் கம்பெனி இன்ஜினியர்கூடச் சொன்னதில்லையாம்.

உருண்டையை நடுவில் தாங்கிப் பிடிக்க அச்சுக்குள் பொடி ஊசிகள் உண்டு. பிளாஸ்டிக் இறுகுவதற்குக் கொஞ்சம் முன்னால் அவை பின்வாங்க வேண்டும். சீக்கிரம் பின்வாங்கினால் உருண்டை நகர்ந்துவிடும், தாமதித்தால் தோலில் ஓட்டை விழும். எந்த நொடியில் பின்வாங்க வேண்டும் என்பதுதான் சித்தப்பாவின் பைத்தியமாக இருந்தது. ஒரு நீள நோட்டில் பென்சிலால் நொடிக்கணக்கு எழுதி எழுதி வைத்திருந்தார். சாப்பிடும்போதும் அது தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். கடைசியில் சூபர்வைசர் மனமிரங்கி, "உன் செட்டிங்ல பன்னெண்டு பந்து போடு. திங்கக்கிழமை வாங்கறவரோட ஆள் வர்றாரு. பன்னெண்டும் தேறினா அந்த மெஷின்ல நீ பர்மனென்ட்" என்று சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சித்தப்பா என்னை உப்பளத்துக்கு அழைத்துப் போனார். கோல்ஃப் பந்தைக் கடல்நீரில் போட்டால் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஆனால் பாத்தி பாத்தியாக வெயிலில் காய்ந்து, உப்புப் பூக்கும் தறுவாயில் கடைசிப் பாத்திக்கு வந்து சேரும் தண்ணீர் இருக்கிறதே, அது கனத்துப்போய்க் கிடக்கும். அதில் இந்தப் பந்து மிதக்கும். கம்பெனியில் வாளித் தண்ணீரில் பாக்கெட் உப்பைக் கொட்டிக் கலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உப்பளத்துக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு அந்த அவஸ்தை எதற்கு? காற்று எழும்புவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

சோதனை சுலபம். பந்தைத் தண்ணீரில் விட்டுச் சுழற்ற வேண்டும். ஆடி அடங்கியதும் மேலே தெரியும் இடத்தைத் துண்டால் ஒற்றி, மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். இப்படி மூன்று தடவை. மூன்று புள்ளியும் ஒரே இடத்தில் விழுந்தால் அடியில் ஒரு பக்கம் கனம் என்று அர்த்தம், பந்து கெட்டது. மூன்றும் மூன்று திசையில் விழுந்தால் நல்லது. புள்ளி வைக்கும் உத்தியோகம் எனக்கு.

பழைய செட்டிங்கில் செய்த ஆறு பந்துகளை ஒரு வலைப்பையில் கொண்டுவந்திருந்தார். முதலில் அவற்றை விட்டுப் பார்த்தோம். ஐந்திலும் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன.

"அஞ்சும் ஒரே லட்சணம். ஆறாவதை வேற பாக்கணுமா? நீ வெச்சிக்க கண்ணு" என்று அந்த ஆறாவது பந்தை என் கையில் போட்டார்.

பிறகு அவருடைய பன்னிரண்டு. ஒவ்வொரு பந்தும் அடங்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். நான் புள்ளி வைத்து நீட்டினால் வாங்கித் திருப்பிப் பார்ப்பார். பன்னிரண்டும் தேறின. வரப்பில் நின்றிருந்த அப்பாவைப் பார்த்து, "அண்ணா, அம்புட்டும் நட்டநடு!" என்று கத்தினார். வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய்த் துணியால் புள்ளிகளை எல்லாம் துடைத்து, கடையிலிருந்து வாங்கிவந்த முட்டைத் தட்டில் பன்னிரண்டையும் வரிசையாக அடுக்கினார். பாத்தித் தண்ணீரையும் ஒரு கேனில் பிடித்து வைத்திருந்தார், கம்பெனியில் சோதித்துக் காட்டுவதற்கு.

மத்தியானம் நான் என் ஆறாவது பந்தை எடுத்துக்கொண்டு விளையாடப் போனேன். புயலுக்கு ஒதுங்கும் கட்டடத்தில் வழவழவென்று சிமெண்டுத் தரை உண்டு. ஒரு கோடியில் இரண்டு செங்கல்லை நெருக்கி நிறுத்தி, மறு கோடியிலிருந்து பந்தை உருட்டி இடையில் நுழைக்க வேண்டும். தோற்றவர் ஒரு வாரம் ஜெயித்தவரின் பள்ளிக்கூடப் பையைச் சுமக்க வேண்டும். எனக்கு எதிராளி என் பெரியப்பா மகன். அவனுடைய சாதாரண ரப்பர் பந்து நேராகப் போய் நுழைந்தது. என்னுடையது பாதி வழியில் இடப்பக்கம் ஒதுங்கியது. மறுபடி உருட்டினேன், மறுபடியும் ஒதுங்கியது.

"ஏய், உன் பந்து குடிச்சிட்டு போவுதுடி" என்றான். உடன் இருந்த பிள்ளைகள் எல்லோரும் சிரித்தார்கள்.

எனக்கு அழுகை முட்டியது. என் வீட்டில்தான் நேராக ஓடும் பந்து பன்னிரண்டு இருக்கிறதே என்ற நினைப்பு வர அதிக நேரம் ஆகவில்லை. வீட்டுக்கு ஓடினேன். சித்தப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். முட்டைத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, அந்தக் குழியில் என் பந்தை வைத்தேன். இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே பளபளப்பு. ஒரு ஆட்டம் ஆடிவிட்டுக் கொண்டுவந்து மாற்றிவிடுவதாகத்தான் எண்ணம், சத்தியமாக.

சித்தப்பாவின் பந்து நூல் பிடித்த மாதிரி ஓடியது. பத்துக்குப் பத்து. பெரியப்பா மகன் மறுநாள் இன்னொரு ஆட்டம் கேட்டான். ஜெயித்த மயக்கத்தில் நானும் சரி என்றேன். பந்து என் பாவாடை மடிப்பிலேயே தங்கிவிட்டது.

சாயங்காலம் சித்தப்பா பேருந்துக்குக் கிளம்பினார். திங்கட்கிழமை காலையில் கம்பெனியில் இருக்க வேண்டும் என்பதால் அன்றிரவு புதுச்சேரியில் தங்குவதாக ஏற்பாடு. முட்டைத் தட்டைத் துணியில் கட்டுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டார்.

"கண்ணு, உன் கையால எண்ணு. பன்னெண்டு இருக்குதா?"

நான் விரல் வைத்து எண்ணினேன். பந்து மடிப்புக்குள் தொடையில் இடித்துக்கொண்டிருந்தது. என் பந்து எந்தக் குழியில் இருந்தது என்பது எனக்குத் தெரியும், இரண்டாம் வரிசையில் மூன்றாவது. அதையும் தொட்டு எண்ணினேன்.

"பன்னெண்டு இருக்குது சித்தப்பா" என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதானே. அவர் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கேனும் தட்டுமாக ரோட்டுக்குப் போனார். பேருந்து அனுமந்தைப் பக்கம் திரும்பி மறையும்வரை கையாட்டினேன். வாயைத் திறக்க அவ்வளவு நேரம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். வந்திருந்த ஆள் கோட்டைக்கூடக் கழற்றாமல், தொட்டியில் பாத்தித் தண்ணீரை ஊற்றி ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்த்தாராம். பதினொன்று தேறின. ஒன்று மட்டும் எப்படிச் சுழற்றினாலும் அதே முகத்தைக் காட்டியதாம். பன்னிரண்டில் ஒன்று என்றால் பன்னிரண்டாயிரத்தில் ஆயிரம் என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கோபம் சூபர்வைசருக்கு. அடுத்த வாரம் பந்து மெஷினையே நிறுத்திவிட்டார்கள். அதில் நின்ற தினக்கூலிகளை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவர் திரும்பிவந்த செவ்வாய்க்கிழமையே அப்பா கேட்டார், "நாமதான் பாத்தோமேடா, எல்லாம் நல்லாதான இருந்துச்சி?"

"நாம பாக்கும்போது காத்து கீத்து அசைச்சிருக்கும்ணா. என் கணக்குல எங்கியோ ஒரு செகண்டு தப்பிடுச்சி" என்றார் சித்தப்பா.

நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். தட்டில் யாராவது கை வைத்தார்களா என்று அவர் கேட்கவே இல்லை. அடி விழாது என்று தெரிந்ததும் எனக்குப் பசி எடுத்தது. அதைத்தான் இன்று நினைத்தாலும் தாங்க முடியவில்லை. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

வேறு வேலை கிடைக்கும்வரை என்று சித்தப்பா அப்பாவோடு உப்பு வாரப் போனார். பழக்கம் விட்டுப்போன கால்கள் ஒரு வாரத்தில் வெடித்தன. நோட்டை மட்டும் விடவில்லை. பகல் சோற்றுக்கு வரப்பில் உட்காரும்போது அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, எந்த இடத்தில் அந்த ஒரு செகண்டு தப்பியது என்று தேடிக்கொண்டிருப்பார்.

கோடை விடுமுறையில் அவர்களுக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை. ஒருநாள் காற்றே இல்லை. தட்டிலிருந்து எடுத்த பந்து என்னிடம் இருந்தது, மார்க்கர் பேனாவும் இருந்தது. கடைசிப் பாத்தியில் விட்டு மூன்று தடவை சுழற்றினேன். மூன்று புள்ளியும் மூன்று திசையில் விழுந்தன. என் பந்து நல்ல பந்து என்று எனக்கு ஒரே பூரிப்பு.

நிழல் விழுந்தது. தலைச்சுமையை இறக்கிவிட்டு வந்த சித்தப்பா பின்னால் நின்றிருந்தார். பந்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது நான் குடுத்த அந்த ஆறாவது பந்துதான?"

"ஆமா சித்தப்பா."

இந்தத் தடவை அது முழுப் பொய். அவர் மூன்று புள்ளிகளையும் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டார். பிறகு வரப்பில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்துச் சொன்னார்:

"பழைய செட்டிங்லயும் நல்லது வருதுண்ணா. என்னோடதுலயும் கெட்டது வந்துச்சி. எல்லாம் குருட்டாம்போக்குதான். நான்தான் என்னமோ கண்டுபுடிச்சிட்டேன்னு ஆடிட்டேன்."

பந்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். வரப்பில் கிடந்த நோட்டையும் எடுத்துக் கொடுத்தார். "மீதி தாள்ல நீ கணக்கு போட்டுக்க கண்ணு" என்றார். வேறு வேலை தேடும் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுத்து நான் கேட்டதில்லை. இன்றைக்கும் உப்பளத்தில்தான் இருக்கிறார். ஊருக்குப் போகும்போதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போகிறேன். அவர் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "வா கண்ணு" என்று எழுந்து வருவதைப் பார்த்ததும் நாக்கு எழுவதில்லை.

அவருடைய கணக்கு சரி என்பதற்கு இருந்த ஒரே சாட்சி அன்று என் கையில் சொட்டிக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியவில்லை. எனக்கு நோட்டு கிடைத்த சந்தோஷம். கோடு போட்ட நீள நோட்டு எங்கள் வகுப்பில் வேறு யாரிடமும் இல்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் மீதி தாள்களில் வகுத்தல் கணக்குகளைப் போட்டேன். தாள் தீர்ந்ததும் முதல் பக்கத்திலிருந்து அவர் எழுதி வைத்திருந்த நொடிகளை ஒவ்வொன்றாக ரப்பரால் அழித்தேன். பென்சில் எழுத்துதான், நன்றாகவே அழிந்தது.