சீசன் வாடகைக்குப் போன கம்ப்யூட்டர்

பழைய சாமானுக்கு விலை சொல்வது என் தொழிலில் பாதி. மீதிப் பாதிதான் ரிப்பேர். தென்காசியில் ரேடியோ, டி.வி. பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தபோது ஒரு பழக்கம் வைத்திருந்தேன். யார் பழைய சாமான் கொண்டுவந்தாலும் மூன்று குவியலாகப் பிரிப்பேன். ஓடுவது, ஓடலாம் என்பது, ஓடாதது. ஓடுவதை ஓட்டிக் காட்டி, அன்றைக்குப் புதுச் சாமான் என்ன விலையோ அதில் பாதி. ஓடலாம் என்பதற்கு அதிலும் பாதி. ஓடாததைப் பழைய இரும்புக்காரர் தராசில் போட வேண்டியதுதான். விற்கிறவர் கேட்டாலும் வாங்குகிறவர் கேட்டாலும் இதே கணக்கைத்தான் சொல்வேன். அதனால் இரண்டு பக்கமும் என்னைக் கூப்பிடுவார்கள், இரண்டு பக்கமும் கோபித்துக்கொள்ளவும் செய்வார்கள்.

எண்பதுகளின் கடைசியில் இந்தக் கணக்கைக் கம்ப்யூட்டருக்குப் போட வேண்டி வந்தது. அதற்கு முன்னால் நான் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தது இரண்டு தடவைதான்.

குற்றாலத்தில் ஒரு லாட்ஜ்காரர் இருந்தார். அவருடைய லாட்ஜ் டி.வி.களை நான்தான் பார்த்து வந்தேன். எல்லோரையும் போல நானும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய தங்கை மகன் மெட்ராஸில் டைப் அடித்துக் கொடுக்கும் ஆபீஸ் தொடங்கினான். அண்ணாச்சிதான் அவனுக்கு இரண்டு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். ஒரே வருடத்தில் ஆபீஸை மூடிவிட்டு, மெஷின்களைக் கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு லாரியில் அனுப்பிவிட்டு, அவன் வளைகுடாவுக்குப் போய்விட்டான்.

அவற்றை வாங்க நினைத்தவர் தென்காசி ரதவீதி மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்திய டீச்சர். பத்து மெஷின் போட்டு நன்றாக நடந்த இடம். அந்த வருடங்களில் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படிக்கிறோம் என்று ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்கு பஸ் ஏறத் தொடங்கியிருந்தார்கள். பத்து மெஷினில் நான்குதான் சத்தம் போட்டது. ப்ளஸ் டூ ரிசல்ட் வரும்போது கம்ப்யூட்டர் வகுப்பு என்று போர்டு மாட்டினால் இன்ஸ்டிட்யூட் பிழைக்கும், இல்லையென்றால் மாடியைக் காலி செய்ய வேண்டியதுதான் என்று டீச்சர் என்னிடம் சொல்லியிருந்தார்.

நான் குற்றாலத்துக்குப் போய்ப் பெட்டிகளைப் பிரித்தேன். மானிட்டர் இரண்டிலும் வெளிச்சம் வந்தது. அவை ஓடுவது. உள்ளே இருக்கும் போர்டு இரண்டில் ஒன்று கரிந்திருந்தது. கம்ப்யூட்டருக்குள் கரண்டைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டி ஒன்று உண்டு, பவர் சப்ளை என்பார்கள். அது இரண்டுமே போய்விட்டது. அந்தப் பெட்டி இல்லாமல் மற்ற எதையும் ஓட்டிப் பார்க்க வழியில்லை. அதனால் இன்னொரு போர்டு, கீபோர்டுகள், பிளாப்பித் தகட்டைப் படிக்கிற நான்கு டிரைவ்கள் எல்லாம் ஓடலாம் குவியலுக்குப் போயின. மெட்ராஸில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் இருந்த நண்பருக்கு டிரங்க் கால் போட்டுப் புது விலை கேட்டேன். கணக்குப் போட்டதில் ஒன்பதாயிரம் வந்தது.

"எதுக்கு, ஒரு பெட்டிக்கா?" என்றார் அண்ணாச்சி.

"எல்லாத்துக்கும் சேத்து அண்ணாச்சி."

"ஏலே, போன வருசம் அம்பதாயிரத்துக்கு மேல கொடுத்து வாங்குனது. அதுக்குள்ள அழுகிப் போச்சா? இது என்ன வாழப்பழமா?"

"மெட்ராஸ்ல புதுசே வெல எறங்கிட்டு அண்ணாச்சி. மாசத்துக்கு மாசம் எறங்குது."

"புதுசு எறங்கட்டும். நான் பழசத்தானே விக்கேன்?"

ரேடியோ வால்வு அப்படித்தான் இருந்தது. புதிது வருவது நின்றதும் பழையதற்கு விலை ஏறியது. கம்ப்யூட்டர் அப்படியில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை.

"சீசன் வரட்டும்லே. சீசன்ல குத்தாலத்துல வெல கூடாத சாமான் எதாவது இருக்கா, சொல்லு பாப்போம்."

அவர் சொன்னதில் அவர் வரைக்கும் தப்பில்லை. ஆனி, ஆடியில் சாரல் விழுந்து அருவியில் தண்ணீர் வந்துவிட்டால், குற்றாலத்தில் நூறு ரூபாய் அறை முந்நூறாகும். டீ விலை ஏறும், தலைக்குத் தேய்க்கிற எண்ணெய் விலை ஏறும். கார் நிறுத்த இடம் இல்லாமல் அதற்கும் ஒரு விலை வரும். அவர் வாழ்க்கையில் நல்ல விலைக்கு விற்ற எல்லாவற்றையும் சீசனில்தான் விற்றிருந்தார்.

நான் தென்காசிக்கு வந்து டீச்சரிடம் சொன்னேன்.

"ரிசல்ட் வந்தா ரெண்டு வாரத்துல பிள்ளைக எங்கயாவது சேந்துரும் தம்பி. சீசன் முடியுத வரைக்கும் நான் பெஞ்சத் தொடச்சிக்கிட்டு இருக்கவா?" என்றார். பிறகு, "ஒம்பதாயிரம் கொடுத்து வாங்குனாலும், அந்த போர்டு ஓடலன்னா என்ன செய்ய?" என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான். ஓடலாம் என்றால் ஓடாமலும் போகலாம்.

சீசன் வந்தது. அண்ணாச்சி லாட்ஜின் முன்னறையைக் காலி செய்து மேஜை போட்டு, இரண்டு கம்ப்யூட்டரையும் பார்வைக்கு அடுக்கி, 'விற்பனைக்கு' என்று அட்டை மாட்டினார். நான் குரங்குகள் திருப்பிவிட்ட ஆன்டெனாக்களைச் சரிசெய்ய அங்கே அடிக்கடி போவேன். அருவிக்குப் போகிற வழியில் கூட்டம் உள்ளே எட்டிப் பார்க்கும். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு துண்டோடு நிற்கிறவர்கள் கீபோர்டைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

"அண்ணாச்சி, இதுல ஞாயித்துக்கெழம படம் தெரியுமா?" என்று ஒருவர் கேட்டார்.

"தெரியாது."

"பெறகு எதுக்கு இம்புட்டு வெல?"

ஈரக்காற்றில் மானிட்டர் கண்ணாடி வியர்த்துக்கிடந்தது. கீபோர்டில் எண்ணெய் மினுமினுத்தது. வாங்குகிறேன் என்று ஒருவரும் சொல்லவில்லை.

ரிசல்ட் வந்த வாரம் டீச்சர் தானே பஸ் ஏறி வந்துவிட்டார். நான் மொட்டைமாடியிலிருந்து இறங்கும்போது முன்னறையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

"வெல பேச வரல அண்ணாச்சி," என்றார் டீச்சர். "இந்த ரூமுக்கு ஒரு நாள் வாடக என்ன?"

"சீசன்லயா? முந்நூறு. சனி, ஞாயிறு நானூறு."

"அப்போ ஒங்க கம்ப்யூட்டர் தெனமும் முந்நூறு ரூவா ரூம்ல ஓசியில தங்கியிருக்கு."

அண்ணாச்சி அறையைத் திரும்பிப் பார்த்தார். வெளியே இரண்டு குடும்பம் பெட்டி படுக்கையோடு இடம் கேட்டு நின்றது.

"சாமான எனக்கு சீசன் வாடகைக்குத் தாங்க. நாலு மாசத்துக்கு மூவாயிரம், இப்பவே கையில தாரேன். இல்லாத பார்ட்ட என் செலவுல போட்டுக்கிடுதேன். ஓடலன்னா எனக்கு நட்டம். ஐப்பசியில வெல பேசுவோம்."

விலை என்றால் சண்டைக்கு நிற்கிற மனிதருக்கு வாடகை என்றதும் புரிந்துவிட்டது. "அட்வான்ஸ் கெடையாதா?" என்று மட்டும் கேட்டார்.

"ரூம் ஒழியுதுல்லா? அதான் அட்வான்ஸ்," என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலமே வேனில் ஏற்றிவிட்டோம். அறையை மறுநாள் காலைக்குள் அண்ணாச்சி ஒரு நாகர்கோவில் குடும்பத்துக்கு விட்டுவிட்டார்.

டீச்சர் ஏற்கெனவே இரண்டு டைப்ரைட்டரைச் சுரண்டை ஊர்க்காரர் ஒருவருக்கு விற்றிருந்தார். அந்தப் பணத்தில் மெட்ராஸிலிருந்து புது பவர் சப்ளையும் ஒரு புது டிரைவும் வரவழைத்தார். கீபோர்டின் ஒவ்வொரு பொத்தானையும் கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவினேன். பவர் சப்ளையை மாட்டி சுவிட்சைப் போட்டபோது திரையில் பச்சை எழுத்து வந்தது. போர்டு நல்ல போர்டு. பழைய டிரைவ்களில் ஒன்று படித்தது, மூன்று படிக்கவில்லை. ஒரே கம்ப்யூட்டரை வைத்து, ஆளுக்கு அரைமணி என்று டீச்சர் வகுப்பு தொடங்கினார். ஆறு மாத வகுப்பு. காலையிலிருந்து இருட்டும்வரை மாடிப்படியில் பிள்ளைகள் தங்கள் முறைக்காக உட்கார்ந்திருப்பார்கள். ஓரத்தில் கிடந்த டைப்ரைட்டர்களும் திரும்ப ஓடத் தொடங்கின. கம்ப்யூட்டருக்கும் விரல் பழக வேண்டுமே.

ஐப்பசியில் அண்ணாச்சி வந்தார். படிக்கட்டில் இருந்த பிள்ளைகளைத் தாண்டித்தான் மேலே வர வேண்டியிருந்தது. வந்ததும், "பதினஞ்சாயிரம்," என்றார்.

டீச்சர் என்னைப் பார்த்தார். பாதி வகுப்பில் அவர் மெஷினைத் தூக்கிக்கொண்டு போனால் அவ்வளவு பிள்ளைகளுக்கும் என்ன பதில் சொல்வது என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

"ஒம்பதுன்னுல்லா சொல்லியிருந்தேன் அண்ணாச்சி," என்றேன்.

"அது ஓடுமா ஓடாதான்னு தெரியாதப்போ சொன்ன வெல. இப்போ ஓடுது. என் கண்ணால பாக்கேன். ஓடுத சாமானுக்குக் கூடத்தானே வெல? ஒன் கணக்குதான்லே இது."

என் கணக்குதான். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. எந்தப் பாதி என்று பிரிக்க வேண்டியிருந்தது. கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றினேன். புது பவர் சப்ளையையும் புது டிரைவையும் கழற்றி டீச்சர் மேஜையில் வைத்தேன்.

"இது ரெண்டும் அவுங்க போட்டது. மிச்சம் ஒங்களுது. இப்போ போடுங்க சுவிட்ச."

அவர் போட்டார். ஒன்றும் வரவில்லை. இன்னொரு தடவை போட்டார்.

"ஆனா நீங்க சொல்லுததுலயும் நெசம் இருக்கு," என்றேன். "போர்டு நல்ல போர்டுன்னு இப்போ தெரிஞ்சிட்டு. அது ஓடுத குவியலுக்கு வந்துட்டு, வெல கூடும். ஒரு டிரைவும் அப்படித்தான். மூணு டிரைவு செத்துட்டு, அது எடைக்குப் போகுது. மெட்ராஸ்ல புதுசும் இன்னும் எறங்கியிருக்கு."

ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்டி வாய்விட்டுக் கூட்டினேன். ஏறியதும் இறங்கியதும் போக எட்டாயிரத்துச் சொச்சம் வந்தது. வாடகை மூவாயிரத்தைக் கழிக்கச் சொல்லி டீச்சர் கேட்கவில்லை. அது வாடகை, அது வேறு. எனக்கும் அப்படித்தான் பட்டது.

"மொதல்ல ஒம்பது சொன்ன. இப்போ எட்டுங்குத. இன்னும் கொஞ்ச நேரம் இருந்தா நான் ஒனக்குக் கொடுக்கணும் போல," என்றார் அண்ணாச்சி.

டீச்சர் சொன்னார்: "ஒம்பதே தாரேன் அண்ணாச்சி. அதுக்கு மேல எங்கிட்ட இல்ல."

கணக்குக்கு அது கொஞ்சம் அதிகம். கொடுக்கிறவர் தெரிந்துதான் கொடுக்கிறார்.

அண்ணாச்சி கறுத்துக்கிடந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு பெண் பிள்ளை கையில் பிளாப்பியோடு நின்று, "டீச்சர், என் அரமணிக்கூறு ஆரம்பிச்சிட்டா?" என்று கேட்டது.

"ஏட்டி, கொஞ்சம் பொறு," என்றார் டீச்சர்.

"மாட்டுலே, அத மாட்டு," என்றார் அண்ணாச்சி என்னிடம். "பிள்ள நிக்குல்லா. ஒம்பதே இருக்கட்டும். ஆனா அந்தச் செத்த டிரைவு ஒண்ண எனக்குத் தந்துரணும்."

"அது எதுக்கு அண்ணாச்சி? ஓடாதே."

"அம்பதாயிரம் போட்டதுக்கு, கையில காட்ட ஒண்ணாவது வேண்டாமா?"

டீச்சர் அதைப் பழைய வினாத்தாளில் சுற்றிக் கொடுத்தார். அவர் அதை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு குற்றாலம் பஸ்ஸுக்கு இறங்கினார். நான் பவர் சப்ளையைத் திரும்ப மாட்டி முடிக்கும்வரை அந்தப் பெண் பிள்ளை பக்கத்திலேயே நின்றது. பச்சை எழுத்து வந்ததும், போன நேரத்தையும் சேர்த்துத் தர வேண்டும் என்று டீச்சரிடம் கேட்டு வாங்கிக்கொண்டுதான் உட்கார்ந்தது.