நீலாம்பாளின் மீன் படிப்பு

1963-இல் கொச்சி மட்டாஞ்சேரியைச் சேர்ந்த நீலாம்பாளுக்கு அமெரிக்காவில் மீன் நோய்களைப் பற்றிப் படிக்க இடம் கிடைத்தது. மீன் வாசனை வந்தாலே ஜன்னலைச் சாத்தும் தமிழ் பிராமணக் குடும்பம் அது. விசா விண்ணப்பத்தைத் தெரிந்தவரின் டைப்ரைட்டிங் கடையில் அடிக்கக் கொடுத்த அப்பா வெங்கிடாசலம், படிப்பு என்ற இடத்தில் ‘மனையியல்’ என்று போடச் சொல்லிவிட்டார்.

“காலேஜ் லெட்டர்ல மீன்னு இருக்கு. இதுல வேற மாதிரி இருந்தா விசா தருவாளாப்பா?”

“மீன்னு போட்டா நாணக்கேடுடி. நாலு பேர் என்ன சொல்லுவா?”

“அந்த நாலு பேரா விசா தரப்போறா?”

தாளைக் கிழித்தாள். அதே கடையில் நின்று, சத்தமாகச் சொல்லிப் புதிதாக அடிக்க வைத்தாள். பக்கத்துக் கும்பளங்கிக் காயலில் செத்து மிதக்கும் மீன்களைப் பற்றியும், திரும்பி வந்து அங்கே செய்யப்போகும் வேலையைப் பற்றியும் ஒரு பக்கம் சேர்த்தாள்.

மதராஸில் விசா அதிகாரி சிரித்தார். “மீனே சாப்பிடாத உங்களுக்கு இந்தப் படிப்பு எதற்கு?”

“டாக்டர் நோயாளியைச் சாப்பிட்டுவிட்டா வைத்தியம் பார்க்கிறார்?”

விசா கிடைத்தது. வழியனுப்ப வந்த உறவினர்கள் என்ன படிப்பு என்று கேட்டார்கள். அப்பா இருமினார். தெருவுக்கே கேட்கும்படி நீலாம்பாள் சொன்னாள்: “மீன்!”