குட்டி வெள்ளை மாத்திரை

சிவபாக்கியம் ஆடலூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பதினோரு வருடமாக விளையாட்டு ஆசிரியை. விசிலைவிட அவர் குரல்தான் தூரம் போகும். ஊக்கமருந்துத் தடுப்புப் பயிற்சிக்குத் திண்டுக்கல் போகச் சொன்னபோது அவருக்குக் கோபம்தான் வந்தது.

"எங்க பிள்ளைக கஞ்சி குடிச்சிட்டு ஓடுதுக. இதுகளுக்கு ஊக்கமருந்து யாருங்க வாங்கித் தரப்போறா?" என்று தலைமையாசிரியரிடம் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

பயிற்சி தந்த மருத்துவர் ஊசி எதையும் காட்டவில்லை. ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உடம்புவலி என்றால் மெடிக்கலில் டாக்டர் சீட்டில்லாமலே நாலைந்தைச் சேர்த்து மடித்துத் தரும் செட்டு மாத்திரை.

"இதுல இந்தக் குட்டி வெள்ளை மாத்திரை பல இடத்துல ஸ்டீராய்டுங்க. போட்டி நாள்ல இதுக்குத் தடை" என்றார்.

போட்டி நாளில் எந்தப் பிள்ளை கால்வலி என்றாலும் சிவபாக்கியம் தன் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது அதைத்தான்.

மறுநாள் வெள்ளனே மைதானத்தில் நதியாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். காட்டோரக் குடியிருப்பிலிருந்து வரும் பெண் அவள். போன வருடம் மாவட்டப் போட்டியில் மூவாயிரம் மீட்டரில் முதலிடம். அந்தப் போட்டி நாள் காலையிலும் அவளுக்கு ஒரு பொட்டலம் கொடுத்திருந்தார்.

"தப்பு எம்மேலதான் தாயி. இனி வலிச்சா ஓடவேணாம், உக்காந்துக்க."

நதியா ஷூ கயிற்றை இறுக்கியபடி கேட்டாள்.

"அப்ப அன்னைக்கு ஜெயிச்சது நானுங்களா டீச்சர், மாத்திரைங்களா?"

சிவபாக்கியம் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். விசிலுக்குக் காத்திராமல் நதியா ஓடத் தொடங்கினாள்.