வெள்ளைத் துணி சுற்றிய பொம்மை

சுவிட்சர்லாந்தில், வில் என்ற நகருக்குப் பக்கத்துக் கிராமமொன்றில், ஊரார் எரித்த வைக்கோல் பொம்மையைச் சப்பாத்தைக் கழற்றிவிட்டு மூன்று முறை சுற்றி வந்தவன் நான். குடித்திருந்தேன் என்றாவது சொல்லித் தப்பலாம். குடிக்கவில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். அம்மா இறந்த செய்தி வந்து சேர்ந்தபோது ஊரில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியே முடிந்திருந்தது. கடைசி மகன் நான் வைக்க வேண்டிய கொள்ளியை யாரோ தூரத்துச் சொந்தக்காரர் வைத்தாராம். முன்பே தெரிந்திருந்தாலும் போயிருக்க முடியாது. போனால் திரும்ப விடமாட்டார்கள். அதிகாரிகளுக்குச் சொல்லக்கூடிய காரணம். அம்மாவுக்குச் சொல்ல முடியாது.

அந்த மாசியில், "குளிர்காலத்தை எரிக்கிறாங்களாம், வாங்கோ அண்ணை" என்று அறைத்தோழன் இழுத்துப்போனான். வழிநெடுகப் பாடம் நடத்தினேன்: இது கிறிஸ்தவத்துக்கு முந்திய சடங்கு, தேவாலயம் பிறகு தவக்காலத்தோடு ஒட்டவைத்துக்கொண்டது, அப்படியில்லை என்று வாதாடும் அறிஞர்களும் உண்டு...

"எரிஞ்சு முடியமுதல் போய்ச் சேருவமோ?" என்றான்.

வயல்வெளியில் விறகை ஆளுயரத்துக்கு மேல் அடுக்கியிருந்தார்கள். உச்சியில் குளிர்காலமென்று ஒரு பொம்மை, தலைமுதல் கால்வரை வெள்ளைத் துணி. அப்பா போனபின் அம்மா வெள்ளைச் சேலை தவிர வேறு கட்டியதில்லை. தீ அந்தத் துணியைத் தொட்டபோது என் படிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியாது. வெறுங்காலோடு பனியில் இறங்கி, சுடலையில் சுற்றுவதுபோல இடப்புறமாகச் சுற்றத் தொடங்கினேன். ஏதோ விளையாட்டென்று நினைத்து நாலைந்து சிறுவர்கள் பின்னால் ஓடிவந்தார்கள். மூன்றாவது சுற்றில், பொம்மையின் தலைக்குள் வைத்திருந்த வெடிமருந்து வெடித்தது. கூட்டம் கைதட்டியது.

எங்கள் சுடலையில் கபாலம் வெடிக்கும் அந்தச் சத்தத்துக்கு யாரும் கைதட்டுவதில்லை. அப்படியே பனியில் உட்கார்ந்து அழுதேன்.

ஒரு கிழவர் என்னைத் தூக்கி நிறுத்தி, குளிர்காலம் போய்விட்டது என்று சிரித்தபடி கைகொடுத்தார். அம்மாவின் சாவுக்கு நேரில் வந்து என் கையைப் பிடித்தவர் அவர் ஒருவர்தான். "டாங்கே" என்று அவர் மொழியில் நன்றி சொன்னேன்.

தோழன் சப்பாத்தைக் கொண்டுவந்து போட்டுவிட்டான். பஸ் தரிப்பிடம்வரை கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"அண்ணை, இவங்கள் வாற வருசமும் எரிப்பாங்கள். வருசா வருசம் வந்து சுத்தப் போறியளோ?"