பன்பாய் முதலை

அறுபதுகளின் நடுப்பகுதியில் எனக்கு இருபது வயது. வாழைச்சேனையில், களப்போரத்து மாதா கோயில் வளவுக்குள் ஓர் ஓலைக் கொட்டிலில் நடந்த பாலர் பள்ளியில் உதவி ரீச்சராக இருந்தேன். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை முப்பது பிள்ளைகள் வருவார்கள். பாதிப்பேர் காகித ஆலைக்கு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், பாதிப்பேர் மீன்பிடிகாரரின் பிள்ளைகள். கொட்டிலுக்கும் தண்ணீருக்கும் நடுவே நாற்பது அடிகூட இராது. வேலியும் இல்லை. கடலோடு சேரும் அந்தக் களப்பை எங்கள் பக்கத்தில் ஆறு என்றுதான் சொல்வோம். பார்ப்பதற்கு அது சாதுவாகத்தான் கிடக்கும். ஆனால் நான் வேலைக்குச் சேருவதற்கு முந்திய வருடம் ஒரு பிள்ளை அதில் விழுந்து, வயிறு முட்டத் தண்ணீர் குடித்த பிறகு தலைமுடியில் பிடித்து இழுத்தெடுத்தார்களாம்.

பள்ளியை நடத்தியவர் மட்டக்களப்பு டவுனிலிருந்து வந்த ஒரு பறங்கிப் பெண்மணி. எல்லோருக்கும் அவர் பெரிய மிஸ். கவுன் போட்டுக்கொண்டு, எங்களைவிட வாய் நிறையத் தமிழ் பேசுவார். நான் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்.

"பாட்டும் எழுத்தும் மறுகா பாப்பம். முதல்ல ஒரு புள்ளையும் தண்ணிக்குப் போகக்கூடாது. அது உன்ட பொறுப்பு."

முப்பது பிள்ளைகள், அறுபது கால்கள், எனக்கு இருப்பதோ இரண்டே கண்கள். ஒரு கிழமை ஓடி ஓடிப் பார்த்தேன், கால் வீங்கியதுதான் மிச்சம். பிறகுதான் என் மூளை வேலை செய்தது. பிள்ளைகள் படுக்கும் பன்பாய் ஒன்றை முதுகில் போர்த்திக்கொண்டு, முழங்காலில் தவழ்ந்து, இரண்டு கைகளையும் வாய்போலத் திறந்து மூடிக்கொண்டு கொட்டிலுக்குள் வந்தேன். ஆற்றங்கரைக்குப் போகிறவர்களை முதலை பிடிக்கும், உடனே விழுங்காது, முதலில் கால்விரல்களை ஒவ்வொன்றாகத் தின்னும், பிறகு கைவிரல்களைத் தின்னும் என்று குரலை மாற்றிச் சொன்னேன். பிள்ளைகள் வீரிட்டுக் கத்தின, பிறகு சிரித்தன, பிறகு "இன்னொருக்கா ரீச்சர்!" என்றன.

அன்றிலிருந்து ஒரு பிள்ளையும் கரைப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. பந்து உருண்டு போனால்கூட எடுக்கப் போகமாட்டார்கள், என்னிடம் வந்துதான் சொல்வார்கள். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. உண்மையில் அந்த ஆற்றில் நான் கண்டது ஒரேயொரு முதலையைத்தான், அதுவும் அக்கரைச் சேற்றில் வாயைப் பிளந்துகொண்டு வெயில் காய்ந்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

பிள்ளைகளில் நாலு வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். மீன்பிடிகாரர் ஒருவரின் ஒரே மகள். வந்த புதிதில் ஓயாமல் கதைத்தவள், இரண்டு மூன்று மாதத்தில் பேச்சையே விட்டுவிட்டாள். பாட்டுக்கு உதடு மட்டும் அசையும். தின்னக் கொடுத்த பணிஸ் ரொட்டியைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டிருப்பாள். மெலிந்தும் போனாள். இதையெல்லாம் கண்டு நான் என்ன செய்தேன்? சொல்லவே கூசுகிறது. வெள்ளிக்கிழமைகளில் நல்ல பிள்ளை என்று ஒருவரைத் தெரிந்தெடுத்து சிவப்பு ரிப்பன் கட்டிவிடுவோம். அந்த ரிப்பனைத் தொடர்ந்து அவளுக்கே கட்டினேன். "பாருங்க இவளை, எவ்வளவு அமைதி! இப்படித்தான் இரிக்க வேணும்" என்று முப்பது பிள்ளைகளுக்கும் முன்னால் அவளை நிறுத்தி மெச்சினேன்.

ஒருநாள் அவளுடைய தாய் ஒரு பை நிறையக் காய்ந்த இறாலோடு என்னைத் தேடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"ரீச்சர், உங்களுக்குப் பெரிய புண்ணியம். மகள் என்ன வடிவா எண்ணுறாள் தெரியுமா?"

"எண்ணுறாளா? இஞ்ச வாயே திறக்கிறாளில்லையே."

"வீட்டிலயும் பேச்சுக் குறைவுதான் ரீச்சர். கண்ணூறாக்கும் எண்டு கழிச்சும் பாத்தம், கோயில்ல மெழுகுதிரியும் கொளுத்தினம். ஆனா எண்ணுறத மட்டும் விடமாட்டாள். அவங்கட அப்பா ஆத்தால வந்து தோணிய விட்டு இறங்கினதும் ஓடிப்போய்க் கால்விரல் பத்தையும் எண்ணுவாள். மறுகா கைவிரல் பத்தையும் எண்ணுவாள். எண்ணி முடிச்சாப் புறகுதான் ஒரு வாய் சோறு தின்னுவாள். அதுவரைக்கும் பச்சத் தண்ணியும் வாயில படாது. படிப்பில அவ்வளவு ஆசை ரீச்சர்!"

நான் இறால் பையைக் கையில் பிடித்தபடி பேயறைந்தவள்போல நின்றேன். பை நழுவி விழுந்து, இறால் எல்லாம் மண்ணில் கொட்டுப்பட்டது. தாய் குனிந்து பொறுக்கிக்கொண்டே, ரீச்சருக்கு என்ன செய்கிறது என்று கேட்டாள். ஆற்றில் இறங்குகிறவனை முதலை பிடிக்கும் என்று நான் சொல்லியிருக்கிறேன். அவளுடைய தகப்பன் ஒவ்வொரு நாளும் விடியுமுன்னே ஆற்றில் இறங்குகிறான். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஒரு நாலு வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. எத்தனை மாதமாக அந்தப் பிள்ளை காலையிலிருந்து மத்தியானம்வரை தகப்பன் முழுசாக வருவானா என்று காத்துக்கொண்டு என் முன்னால் உட்கார்ந்திருந்தாள்! அதற்குத்தான் நான் ரிப்பன் கட்டியிருக்கிறேன்.

நேரே பெரிய மிஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். இனி முதலைக் கதை வேண்டாம், வேலி போடுவோம் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பயந்த புள்ளை உயிரோட வீட்ட போகும். பயப்புடாத புள்ளையத் தண்ணிக்குள்ளதான் தேட வேணும். எது உனக்கு விருப்பம்?"

எனக்கு வந்த கோபத்தில் அவருடைய மேசையைப் புரட்டியிருப்பேன். ஆனால் திரும்பி வெளியே வந்துவிட்டேன். முந்திய வருடம் அந்தப் பிள்ளையைத் தலைமுடியில் பிடித்து இழுத்தெடுத்தவர் அவரேதான் என்று எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு நான் தோணித் துறைக்குப் போனேன். தாய் சொன்னது அப்படியே நடந்தது. தகப்பன் தோணியை விட்டு இறங்கி, சிரித்துக்கொண்டு ஒரு காலை முன்னே நீட்டினான். அவனுக்கு அது ஒரு செல்ல விளையாட்டு. அவள் மண்ணில் குந்தி, ஒவ்வொரு விரலாகத் தொட்டு, உதட்டுக்குள் எண்ணினாள். சின்னவிரலுக்குப் பக்கத்தில் சேறு அப்பியிருந்தது. அதைத் துடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணத் தொடங்கினாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் விளையாட்டே இல்லை.

தகப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அவனுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் அவனுடைய சிரிப்பு நின்றது. நீட்டிய காலைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டான்.

"நான் இத விளையாட்டு எண்டு நெனச்சனே ரீச்சர். ஒவ்வொரு நாளும் சிரிச்சனே" என்றான். என்னை ஏசியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

நான் அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். "அது பொய் மகள். முதலை வரவே வராது. ரீச்சர்தான் பாயப் போத்துக்கொண்டு வந்தது. ரீச்சர் சொன்னதெல்லாம் பொய்" என்று கொஞ்சம் உரத்தே சொல்லிவிட்டேன். அவள் பாய்ந்து வந்து தன் சின்னக் கையால் என் வாயைப் பொத்தினாள். ஆற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பிறகு என் காதோடு வாயை வைத்து, மூச்சுக் காற்றைப்போல ஒரு குரலில் சொன்னாள்.

"கத்தாதீங்க ரீச்சர். அதுக்குக் கேக்கும்."

அதுவும் நான் சொன்னதுதான். பால் குடித்த பிறகு பிள்ளைகளைப் பாயில் படுக்கப் போடும்போது, சத்தம் போட்டால் முதலைக்குக் கேட்கும் என்று சொல்லித்தான் அவர்களை அடக்குவேன். சொல்லிச் சொல்லி, சொல்வதே மறந்துபோயிருந்தது. தகப்பனைக் காப்பாற்றத்தான் அந்தப் பிள்ளை வாயை மூடியிருக்கிறது. விளையாட்டு வினையாகும் என்பார்கள். வினை இப்படியும் வரும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அடுத்த நாளிலிருந்து நான் கொட்டிலுக்குள் போகவில்லை. நீள மர வாங்கு ஒன்றை இழுத்துப்போட்டு, ஆற்றுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே காலையிலிருந்து மத்தியானம்வரை குந்திக்கொண்டிருந்தேன். பெரிய மிஸ் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. ஆனால் உள்ளே பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார். தகப்பன் அந்த மாதம் முழுக்கத் தோணியைத் தொடாமல், கரையில் நின்று மகளின் கண்ணுக்கு முன்னால் வீச்சுவலை போட்டான். கிடைத்ததெல்லாம் குஞ்சு மீன்தான், ஆனாலும் அவன் முகம் சுளிக்கவில்லை. பிறகு மெல்ல மெல்லத் தோணியில் ஏறினான், முதலில் கூப்பிடு தூரம், பிறகு கொஞ்சம் தள்ளி. அவள் எண்ணுவது இரண்டு நாளைக்கு ஒருதரமாகி, பிறகு சில நாள் மறந்தும் போனாளாம். தாய் வந்து வந்து சொல்வாள். நான் வாங்கில் இருந்தபடியே கேட்டு அழுவேன்.

ஒரு காலை கொட்டிலுக்குள் ஒரு பிள்ளையின் குரல் ஆலைச் சங்கைப்போலக் கிளம்பியது. "தா! அது என்ட பணிஸ்! தாடா!" அவளுடைய குரல். மாதக்கணக்காக நான் கேட்கத் தவமிருந்த குரல். கால் நிலத்தில் படாமல் ஓடினேன். ஓலைத் தட்டிக்குப் பின்னால் அவள் ஒரு பையனின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டு நின்றாள், பணிஸை அரைவாசி பறித்தும்விட்டாள். பெரிய மிஸ் சாய்ந்து நின்று, தடுக்காமல், அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் போய் நின்றேன்.

அவள் என்னைக் கண்டாள். சட்டையைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. பறித்தெடுத்த அரைப் பணிஸை அந்தப் பையனிடமே நீட்டிவிட்டு, ரிப்பன் கட்டிய நாட்களில்போல வாயை இறுக மூடிக்கொண்டு, தன் பாயில் போய் நேராக உட்கார்ந்தாள்.