தையலை வெளியே தள்ளிய நிக்கர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இராஜாக்கமங்கலம் சாலையில் தையல் கடை வைத்தேன், வீடு கட்டினேன், பெண்மக்களைக் கட்டிக் கொடுத்தேன், மகனைப் படிக்க வைத்தேன். ஒருவரும் கை கொடுத்ததில்லை. கடலோரத்து ஆண்களின் தொடைத் தோலைக் காப்பாற்றியவனும் நான்தான். இதை நானே சொல்ல வேண்டி வந்துவிட்டது. கடையை இப்போது நடத்துகிற மகன் நிக்கருக்கு லேபிள் அடிக்கக் கொடுக்கப் போகிறான். அதில் அவன் பெயர் மட்டும்தானாம்.

அப்போதெல்லாம் கரமடி இழுப்பவர்கள் என் கடையைத் தாண்டித்தான் கடற்கரைக்குப் போவார்கள். கடலில் விரித்த வலையைக் கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கிற வேலை. பேச்சும் சிரிப்புமாகப் போகிறவர்கள், வெயில் ஏறித் திரும்பும்போது காலை அகட்டி வாத்து மாதிரி வருவார்கள். கடல்தண்ணீரில் நனைந்த நிக்கர் உடம்பிலேயே காய்ந்தால் உப்புத்தாள்தான். இரண்டு காலும் சேருகிற இடத்தில் உள்ளே மடிந்த தையல், எடுத்து வைக்கிற ஒவ்வொரு எட்டுக்கும் தோலைத் தேய்க்கும். அவர்கள் தடவியிருக்கும் தேங்காயெண்ணெய் வாசனை இன்றும் என் மூக்கில் இருக்கிறது.

நானும் ஒரு நிக்கரைப் போட்டுக்கொண்டு போய்க் கயிறு பிடித்தேன். எது அறுக்கிறது என்று என் தொடையே சொல்லிவிட்டது. திரும்பி வந்து தையலை வெளிப்பக்கம் தள்ளினேன். இடுப்பில் கட்டித் துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய சாரத்தை வெட்டி, உள்ளே ஒட்டுக் கொடுத்தேன்.

முதலில் வாங்கிப் போனவர் மறுநாளே வந்து கத்தினார்.

"என்ன நிக்கரு வே தச்சுத் தந்தீரு? முன்னத்தத விட மோசமாட்டு அறுத்துப் போட்டுது!"

பார்த்தேன். மனிதர் அதைப் புரட்டிப் போட்டிருந்தார்.

"ஓய், நிக்கரு சரியாட்டுத்தான் இருக்கு. நீருதான் உள்ள வெளியா மாட்டியிருக்கீரு."

"பின்ன? தையலு தெரிய நடந்தா பொம்பளைய சிரிக்க மாட்டாளுவளா?"

"இப்பிடி அகட்டி நடந்தா மட்டும் கும்பிடுவாளுவளாக்கும்!"

கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் அவரும் சிரித்துவிட்டார். அடுத்த நாள் நேராகப் போட்டுக்கொண்டு போனார். உச்சிவெயிலில் காலைச் சேர்த்து வைத்து, நிமிர்ந்து நடந்து வந்தார். ஓலையில் கோத்த அயிலை மீனை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். பிறகு மடி இழுக்கிற ஆட்கள் எல்லாம் ஆளுக்கொரு பழைய சாரத்தோடு வந்து நின்றார்கள். அந்த நாட்களின் அழகு இனி வராது.

மகன் நல்ல துணி எடுக்கிறான், மெஷின்களும் நிறைய வைத்திருக்கிறான். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவன் விற்கிற ஒவ்வொரு நிக்கரிலும் தையல் நான் தள்ளிய இடத்தில்தான் இருக்கிறது. லேபிளில் முதலில் என் பெயர் வர வேண்டும். அவன் பெயர் கீழே இருக்கட்டும். அச்சுக்குக் கொடுக்குமுன் என்னிடம் கொண்டுவந்து காட்டட்டும்.